மூன்றாவது பெயர்

விதி எளிது.
பதினைந்து பேரில் மூவரை வைத்துக்கொள்ளலாம்.
மீதிப் பேரை மார்ச் முப்பத்தொன்று நள்ளிரவுக்குள்
ஏலத்துக்கு விட்டுவிட வேண்டும்.
எட்டு அணி, எட்டு முதலாளி,
சம்பளம் யாருக்கும் கிடையாது.
மஞ்சக்குப்பத்தில் தனவேலுவின் ஜெராக்ஸ் கடைதான்
தலைமையகம்.
ஜெயித்தவர் பெயர் வெட்டிய எவர்சில்வர் தூக்குதான் கோப்பை.
என் அணி கெடிலம் கிங்ஸ்.
ஆற்றைப் போலவே
முக்கால் வருடம் வற்றிக் கிடக்கும்.

முதல் பெயரை யோசிக்காமல் எழுதுவேன்.
இரண்டாவதற்குக் கொஞ்சம் கணக்கு.
மூன்றாவது
ஏழு வருடமாக மெல்வின் கொரைரா.
இடக்கை வேகம்.
இப்போது இடக்கை மட்டும்.

முழங்காலில் இரண்டு ஆபரேஷன்.
போன சீசனில் நாலு ஆட்டம், ஒரு விக்கெட்,
அதுவும் மட்டையாளர் தானே ஸ்டம்பை மிதித்தது.

"இது டீமா, முதியோர் இல்லமா?" என்பான் அஷ்ரப்.
ஜெயசீலி கேலி செய்யமாட்டாள்.
கணக்கு டீச்சர், போட்டுக் காட்டுவாள்:
இவரால் உனக்கு வருடத்துக்கு இருநூற்றுப் பத்துப் புள்ளி நஷ்டம்,
நாலு வருடத்தில் எண்ணூற்று நாற்பது.
அதில் இரண்டு தூக்கு இருந்தது.

அவர்களிடம் சொல்லாதது ஒன்று உண்டு.
நான் எடுக்க நினைத்தது மெல்வின் மச்சாடோவை.
முதல் ஏலத்தில் ஒரு வரி மாறிப் படித்துவிட்டு
கௌரவத்துக்காகத் தலையாட்டினேன்.

அந்த ஏப்ரலில் சிப்காட்டில் நைட் ஷிப்ட்.
உள்ளே போன் எடுக்கக்கூடாது,
லாக்கர் கழிவறைக்குப் பக்கத்தில்.
நான் போகும்போதெல்லாம் அவர் ஒரு விக்கெட் எடுத்தார்.
ஐந்து முறை போனேன்.
"வயித்தால போவுதாடா?" என்று சூப்பர்வைசர்
ஓ.ஆர்.எஸ். பொட்டலம் ஒன்றைக் கொடுத்தார்.
கலக்கிக் குடித்தேன்,
சாம்பெயின் குடிப்பவர்கள் எப்படிக் குடிப்பார்களோ அப்படி.

நான் தப்பாகச் செய்த எதுவும்
அதற்கு முன்போ பின்போ
அவ்வளவு சரியாக வந்ததில்லை.

இந்த வருடம் மணி பதினொன்று ஐம்பத்திரண்டுக்கு
அவர் பெயரை அழித்தேன்.
அந்த இடத்தில் பத்தொன்பது வயசுப் பையன் ஒருவன்.
பெயர் இன்னும் வாயில் நுழையவில்லை.
வண்டியை எடுத்துக்கொண்டு தேவனாம்பட்டினம் போய்
கடற்கரை விளக்கடியில் நின்றேன்.
எங்கேயோ அந்த மனிதர்
முழங்காலில் ஐஸ் வைத்துத் தூங்கிக்கொண்டிருப்பார்.
நான் விட்டது அவருக்குத் தெரியாது.
ஏழு வருடம் வைத்திருந்ததே தெரியாதே.

ஒரு திட்டம் இருந்தது, ஒப்புக்கொள்கிறேன்.
ஏலத்தின் கடைசியில் யாரும் சீந்தாதபோது
ஒரு ரூபாய்க்குத் திரும்ப எடுத்துவிடலாம்.
ஞாயிற்றுக்கிழமை, ஷட்டர் பாதி இறக்கியிருந்தது.
என் கையிருப்பு மூன்று.
தனவேல் படித்தான்: கொரைரா.
"ஒண்ணு" என்றேன்.
மின்விசிறிச் சத்தம்.
"ரெண்டு."
அது ஜெயசீலி.

"மூணு."
"நாலு."

அஷ்ரப்கூடச் சிரிக்கவில்லை.

கீழே டீ குடிக்கும்போது கேட்டேன், ஏன் என்று.
"உன் நஷ்டத்தைக் கணக்குப் போட
நாலு வருஷமா அவன் போட்ட ஒவ்வொரு பந்தையும் பார்த்தேன்.
பழகிப்போச்சு" என்றாள்.
கிளாஸைக் கழுவாமல் வைத்துவிட்டுப் போனாள்.

அவள் பட்டியலில் அவர் பதினைந்தாவது.
நேற்று ராத்திரி பந்து வீசினார்.
மறுபடியும் நைட் ஷிப்ட் எனக்கு,
மறுபடியும் லாக்கர்.
அவர் இப்போது என் ஆள் இல்லை என்பது
கைக்கு இன்னும் தெரியவில்லை.
இரண்டு ஓவர், இருபத்தாறு ரன்.

ஜெயசீலியிடமிருந்து செய்தி வந்திருந்தது:
"ரன்னப்ல நொண்டுறான், பார்த்தியா?"

பார்த்தேன் என்று அனுப்பினேன்.
அடுத்த ஓவர் கொடுப்பார்களா என்று
கதவுக்கு வெளியே யாரோ தட்டும்வரை
நின்றுகொண்டிருந்தேன்.